ஜூன் 5-க்கு அடுத்த நாள்

வெள்ளிக்கிழமை என்றால் ஒடுகத்தூரில் ஆட்டுச்சந்தை. ஜவ்வாது மலை அடிவாரத்தில், வேலூருக்குத் தென்மேற்கே, அணைக்கட்டு வட்டத்தில் இருக்கிறது இந்தப் பேரூராட்சி. மலைக் கிராமங்களிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வெள்ளாடும் செம்மறியும் வந்து இறங்கும். தீபாவளியோ பக்ரீத்தோ நெருங்கினால் வியாபாரம் பல லட்சங்களைத் தொடும். விலை பேசி, பணம் எண்ணி, ஆட்டை வண்டியில் ஏற்றி எல்லோரும் கிளம்பிய பிறகு, எந்த வாரச் சந்தையிலும் மிஞ்சுவதுதான் இங்கும் மிஞ்சும்: புழுக்கை, தழை, கயிற்றுத் துண்டு, டீ கப், பாலித்தீன் கவர். முதல் மூன்றும் மண்ணுக்கு எரு. கடைசி இரண்டில் ஒன்றைப் பசியோடு திரியும் ஆடு தின்னும். மற்றதை மழை ஆற்றுக்கு இழுத்துப் போகும்.

ஆறு என்றால் உத்திரகாவேரி. ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். வடகிழக்குப் பருவமழை மலையில் வலுத்தால் ஒரே இரவில் தரைப்பாலத்தை மூடிக்கொண்டு ஓடி, பாலாற்றில் போய்ச் சேரும். ஊருக்குத் தெற்கே மலையும் காடும். வனச்சரக அலுவலகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. காடு, ஆறு, மலை, சந்தை, குப்பை என்று சூழலியல் பாடப்புத்தகத்தின் அத்தனை அத்தியாயங்களும் பள்ளியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஊர் இது. இப்படிப்பட்ட ஊரில் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுச்சூழலுக்காக என்ன செய்ய முடியும்? தமிழகப் பள்ளிகள் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள், ஒரு மரக்கன்று, ஒரு போட்டோ.

அந்தத் தேதியிலேயே சிக்கல் இருக்கிறது. 1972-ல் ஸ்டாக்ஹோம் நகரில் ஐ.நா. மாநாடு தொடங்கிய நாள் என்பதால் ஜூன் 5 தேர்வானது. ஸ்வீடனில் அது இதமான கோடையின் தொடக்கம். வேலூர் மாவட்டத்திலோ அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் தணியாத வாரம். 2023-ல் தமிழகப் பள்ளிகள் திறந்தது ஜூன் 12-ம் தேதி. 2024-ல் ஜூன் 10. இரண்டு ஆண்டுகளிலும் சுற்றுச்சூழல் நாளன்று வகுப்பறைகள் பூட்டிக் கிடந்தன. பள்ளி திறந்திருக்கும் ஆண்டுகளில் நட்ட கன்றுக்கும் முதல் எதிரி ஜூன் மாத வெயில்தான். ஆடி தாண்டி மழை பிடித்த பிறகு நட்டால் பிழைக்கும் என்பது ஒடுகத்தூரில் எந்த விவசாயி வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை, சுற்றறிக்கை மேலிருந்து வருகிறது.

திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 1991-ல். தேசிய பசுமைப் படை 2001-02-ல் வந்தது. மாவட்டத்துக்கு 250 பள்ளிகள் வரை அதில் சேர்த்து, சூழல் மன்றம் நடத்த ஆண்டுதோறும் சிறு தொகை கொடுத்தார்கள். 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிப் பொருட்களுக்குத் தமிழகம் 2019 ஜனவரி 1 முதல் தடை போட்டது. 2021 டிசம்பர் 23-ல் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. நெகிழியைக் கைவிட்ட பள்ளிகளுக்கு முதல் பரிசு 10 லட்சம் ரூபாய் என்று மஞ்சப்பை விருதும் அறிவித்தார்கள். இத்தனைக்கும் பிறகு பெரும்பாலான பள்ளிகளில் சூழல் மன்றம் எங்கே வாழ்கிறது என்றால், ஒரு பதிவேட்டில். ஆய்வுக்கு அதிகாரி வரும்போது அது வெளியே வரும்.

ஆனால் பதிவேட்டை விட்டு வெளியே வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இதே ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம், திருவண்ணாமலையைச் சேர்ந்தவர்.

கரி வண்டியும் கிளாஸ்கோ மேடையும்

வினிஷா உமாசங்கருக்கு அப்போது 12 வயது. பள்ளி விட்டு வரும் வழியில் தெருவோர இஸ்திரி வண்டிக்காரர் எரிந்து முடிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்தார். தினமும் கண்ணில் படுகிற காட்சிதான். அன்று அவருக்கு ஒரு கணக்கு ஓடியது: ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கரி என்றால், ஒரு தெருவுக்கு எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு, நாட்டுக்கு எவ்வளவு? அந்தக் கரிக்கு எத்தனை மரம்? அந்தப் புகை யார் நுரையீரலில் போய்ச் சேருகிறது?

மாதக்கணக்கில் படித்து அவர் வரைந்து முடித்தது ஒரு மூன்று சக்கர வண்டி. கூரை முழுக்க சூரியத் தகடு, அடியில் பேட்டரி, கரிக்குப் பதில் நீராவி இஸ்திரிப் பெட்டி. ஐந்து மணி நேரம் நல்ல வெயில் கிடைத்தால் ஆறு மணி நேரம் துணி தேய்க்கலாம். வழியில் யாருக்காவது செல்போனுக்கு சார்ஜ் ஏற்றிக் கொடுத்துக் கூடுதலாக நான்கு காசும் பார்க்கலாம் என்பது வரை அதில் யோசித்திருந்தார். சூழலியல் யோசனைகளில் பொதுவாகக் காணாமல் போவது இந்த நான்கு காசுதான். வண்டிக்காரரின் வருமானத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டதில்தான் இந்தப் பெண்ணின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது.

தேசியப் புத்தாக்க அறக்கட்டளை அந்த வரைபடத்தை மாதிரி வண்டியாகச் செய்து கொடுத்தது. 2019-ல் அப்துல் கலாம் பெயரிலான இக்னைட் விருது. 2020-ல் ஸ்வீடனின் குழந்தைகளுக்கான பருவநிலைப் பரிசு. 2021-ல் இளவரசர் வில்லியம் தொடங்கிய எர்த்ஷாட் பரிசின் முதலாண்டு இறுதிச் சுற்றுக்கு வந்த 15 பேரில் வினிஷாவும் ஒருவர். காற்றைத் தூய்மையாக்கும் பிரிவில் பரிசு டெல்லியைச் சேர்ந்த வித்யுத் மோகனின் நிறுவனத்துக்குப் போனது. ஆனால் அந்த நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டு மேடையில், பிரதமர் மோடி உள்ளிட்ட தலைவர்கள் கேட்டுக்கொண்டிருக்க, எங்கள் தலைமுறை உங்கள் வெற்று வாக்குறுதிகளால் கோபத்தில் இருக்கிறது, எனக்குக் கோபப்பட நேரமில்லை, வேலை இருக்கிறது என்ற பொருளில் பேசிவிட்டு வந்தவர் திருவண்ணாமலைப் பள்ளி மாணவிதான்.

இவ்வளவு கைதட்டலுக்கும் பிறகு தமிழகத் தெருக்களில் இஸ்திரி வண்டி எதில் ஓடுகிறது? பெரும்பாலும் கரியில்தான், சிலர் சமையல் வாயுப் பெட்டிக்கு மாறியிருக்கிறார்கள். இதற்காக மாணவியைக் குறை சொல்வது அபத்தம். கண்டுபிடித்ததோடு அவர் பங்கு முடிந்தது. மானியமும் கடனும் கொடுத்து வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவருவது பெரியவர்களின் பங்கு. விருது கொடுத்தவர்கள் அதையும் முடித்திருந்தால் இந்தக் கதை இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

இருபதாயிரம் கவர்களும் ஒரு கடிதமும்

தூத்துக்குடி சுப்பையா வித்யாலயம் பெண்கள் பள்ளியின் மாணவிகள் 2018-ல் செய்த காரியத்தைத் தமிழகத்தின் ஒவ்வொரு சூழல் மன்றமும் ஒருமுறை படிக்க வேண்டும். செய்தது மிக எளிது. தின்ற பிஸ்கட், சிப்ஸ், வேஃபர் கவர்களைக் குப்பையில் போடாமல் எடுத்துவந்து பள்ளியில் சேர்த்தார்கள். இரண்டு வாரத்தில் 20,000-க்கும் மேல் சேர்ந்துவிட்டது. பிறகு கம்பெனி வாரியாகப் பிரித்தார்கள். ஒரே ஒரு பிஸ்கட் கம்பெனியின் கவர் மட்டும் பத்தாயிரத்தைத் தாண்டியது.

பிரித்து முடித்ததும் மூட்டை கட்டி, அந்தந்தக் கம்பெனிக்கே அனுப்பி வைத்தார்கள். கூடவே ஒரு கடிதம். அதில் திட்டு இல்லை. உங்கள் தின்பண்டம் நன்றாக இருக்கிறது, அதைச் சுற்றிவரும் கவர்தான் பிடிக்கவில்லை, உங்கள் கவரை உங்களிடமே ஒப்படைக்கிறோம், பத்திரமாக அப்புறப்படுத்துங்கள், குற்ற உணர்ச்சி இல்லாமல் தின்ன வழி செய்யுங்கள் என்பது சாரம். மாநகராட்சியும் கைகொடுத்தது.

பள்ளி நெகிழிப் பிரசாரங்களில் பத்தில் ஒன்பது, குப்பை போடுகிறவரைத் திருத்தப் பார்க்கும். ‘குப்பையைத் தொட்டியில் போடுங்கள்’ என்று தட்டி பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வெயிலில் ஊர்வலம் போவார்கள். தூத்துக்குடி மாணவிகள் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். தொட்டியில் போட்டால் மட்டும் அந்தக் கவர் எங்கே போகும்? பல அடுக்குப் படலம் அது. வெள்ளி மாதிரி மின்னும் அந்த உறையைப் பழைய இரும்புக் கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். தயாரித்தவருக்கும் பொறுப்பு உண்டு என்று 2016-ம் ஆண்டின் நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள் ஏற்கெனவே சொல்லியிருந்தன. தயாரிப்பாளர் எவ்வளவு திரும்பப் பெற வேண்டும் என்ற இலக்குகளோடு மத்திய அரசு விரிவான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது 2022 பிப்ரவரியில். பள்ளி மாணவிகள் நான்கு ஆண்டுக்கு முன்பே பார்சல் அனுப்பியாகிவிட்டது.

எண்ணியதுதான் இதில் முக்கியம். ‘ஊரில் நெகிழிக் குப்பை அதிகம்’ என்று சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள். ‘உங்கள் கம்பெனி கவர் இத்தனை, இதோ மூட்டை’ என்றால் பதில் சொல்லியாக வேண்டும்.

அசாமில் கவுகாத்தி அருகே பாமோகியில் 2016-ல் தொடங்கிய அக்‌ஷர் பள்ளியிலும் இதே எண்ணிக்கைதான் வேலை செய்தது. குளிர்காலத்தில் அக்கம்பக்கத்தார் நெகிழியை எரித்துக் குளிர் காய, புகை வகுப்பறைக்குள் வந்தது. எரிக்காமல் கொண்டுவந்து கொடுங்கள், அதுதான் பள்ளிக் கட்டணம் என்றது பள்ளி. பிள்ளைகள் வாராவாரம் நெகிழித் துண்டுகளை எண்ணிக் கட்டினார்கள். இந்தோனேசியாவின் பாலித் தீவில் 2013-ல் மெலாட்டி, இசபெல் என்ற 12 வயதும் 10 வயதுமான அக்கா தங்கை தொடங்கிய பை ஒழிப்பு இயக்கம், ஆறாண்டுகள் விடாமல் நடந்து, 2019-ல் அங்கே நெகிழிப் பைத் தடை அமலுக்கு வந்ததைப் பார்த்தது. ஆறாண்டு என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளலாம். ஒரு கல்வியாண்டில் முடிகிற வேலை இல்லை இது.

பங்குனி ஆமைக்காக ஒரு இரவு நடை

ஆண்டுக்கணக்கில் நிலைத்தது எது என்று பார்த்தால், தமிழகத்தில் முதலில் சொல்ல வேண்டியது சென்னைக் கடற்கரை. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988-ல் தொடங்கியது. எழுபதுகளில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் தொடங்கிய ஆமைத் தேடலை, பின்னர் சில ஆண்டுகள் வனத்துறை நடத்தியது. அவர்கள் நிறுத்தியதும் கல்லூரி மாணவர்கள் கையில் எடுத்தார்கள். பெயரிலேயே மாணவர் இருக்கிறார். அன்றைய மாணவர்களுக்கு இன்று பேரப்பிள்ளைகள் வரும் வயது. வேலை மட்டும் நிற்கவில்லை.

ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை நள்ளிரவில் நீலாங்கரையில் தொடங்கிப் பெசன்ட் நகர் வரை ஈரமணலில் நடக்கிறார்கள். டார்ச் அடிப்பதில்லை. முட்டையிட வந்த பங்குனி ஆமை கடலிலிருந்து ஏறி, திரும்பிப் போன தடம் டிராக்டர் சக்கரம் போன மாதிரி மணலில் பதிந்திருக்கும். தடத்தின் முடிவில் மணலைக் குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்து, குச்சி சட்டென்று இறங்கும் இடத்தில் கையால் தோண்டினால் பிங்பாங் பந்து அளவில் நூறுக்கும் மேற்பட்ட முட்டைகள். அவற்றைப் பையில் எடுத்துவந்து பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்துத் தேதி எழுதி வைப்பார்கள். சுமார் 45 நாளில் குஞ்சு பொரித்ததும் மாலையில் கடலில் விடுவார்கள். தெருவிளக்கைக் கடல் வெளிச்சம் என்று நம்பிக் குஞ்சுகள் ரோட்டுப் பக்கம் போய்ச் செத்ததால், அந்த மாதங்களில் கடற்கரை விளக்குகளை அணைக்கச் சொல்லிக் கேட்டதும் இவர்கள்தான்.

இவ்வளவு செய்தும் 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை மடியில் சிக்கி மூச்சுத் திணறியதே காரணம் என்று பேசப்பட்டது. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. ஒதுங்கும் ஆமைகளை ஆண்டுதோறும் குறித்து வைத்தவர்கள் இருந்ததால்தான் அந்த ஆண்டு வழக்கத்துக்கு மாறானது என்று உடனே சொல்ல முடிந்தது. முட்டையைக் காப்பாற்றியதற்குச் சமமான சேவை அந்தக் குறிப்பேடு.

வட சென்னையில் கூடுகள் அறக்கட்டளையோடு சேர்ந்து பள்ளிப் பிள்ளைகள் சிட்டுக்குருவிக்கு மரக்கூடு செய்கிறார்கள். நான்காண்டில் பத்தாயிரம் கூடுகள் என்று 2024 நவம்பரில் பிரதமரின் வானொலி உரையிலும் அது இடம்பெற்றது. கூடு செய்வது சின்ன வேலைதான். ஆனால் அந்தக் கூட்டில் குருவி வந்ததா என்று மறுநாளும் மறுவாரமும் பிள்ளை எட்டிப் பார்க்கும். மரக்கன்று விழாவில் இல்லாதது இந்த எட்டிப் பார்த்தல்.

மலைப் பிள்ளைகளின் கணக்கு வேறு

ஒடுகத்தூருக்குத் திரும்புவோம். இங்கே அடிவாரப் பிள்ளைகளும் மலைப் பிள்ளைகளும் உண்டு. பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை என்று அணைக்கட்டு வட்டத்தில் மூன்று மலை ஊராட்சிகள். மலையாளி பழங்குடியினர் சாமையும் ராகியும் விதைத்து, ஆடு மாடு மேய்த்து, காட்டை நம்பி வாழ்கிறார்கள். ஜவ்வாது மலையில் இன்னொரு விசேஷம், நெடுங்காலமாக வனத்துறையே பள்ளிக்கூடங்கள் நடத்தி வந்திருக்கிறது. காட்டைக் காக்கும் துறையே காட்டுப் பிள்ளைக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தது. நாட்டில் அநேக இடங்களில் கிடைக்காத இந்த வாய்ப்பைச் சூழல் கல்விக்கு இன்னும் எவ்வளவோ பயன்படுத்தியிருக்கலாம்.

2023 மே மாதம் அல்லேரி மலைப் பகுதியில் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, தாய் உடலைத் தூக்கிக்கொண்டு மலையேறினார். அந்தச் செய்தியைத் தமிழகம் மறந்திருக்காது. காட்டு நிலத்தில் சாலை போட வனச் சட்ட அனுமதி வேண்டும், மாற்று நிலம் வேண்டும், கோப்பு நகர வேண்டும். ‘காட்டைக் காப்போம்’ என்று அடிவாரத்தில் தட்டி பிடிக்கும் மாணவருக்கும், மலையிலிருந்து இறங்கிவந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவருக்கும் அந்த வாசகம் ஒரே மாதிரிக் கேட்காது. எதிர்காலத் தலைமுறைக்காகச் சூழலைக் காப்பது பற்றிப் பேசும்போது, இந்தத் தலைமுறைக்கு ஆஸ்பத்திரி போக வழி இருக்கிறதா என்று ஒரு மலைப் பிள்ளை கேட்டால் அது திசைதிருப்பல் அல்ல. பாடத்தின் மையமே அதுதான்.

இதே மலையில் பிறக்கும் நாகநதி இன்னொரு பாடம் சொல்கிறது. வறண்டுபோன அந்த ஆற்றை மீட்க வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் 20,000 பெண்கள் வரை வேலை செய்தார்கள். உறை கிணறுகள் இறக்கினார்கள், கல் தடுப்பணைகள் கட்டினார்கள். 2021-ல் பிரதமரின் வானொலி உரையில் நாகநதியின் பெயர் வந்தது. அந்தப் பெண்கள் நூறு நாள் வேலைத் திட்டத்தில் கூலி வாங்கிக்கொண்டு செய்தார்கள். வேலையும் நடந்தது, அடுப்பும் எரிந்தது. மாணவர்களிடம் மட்டும் எல்லாவற்றையும் சேவையாகவே எதிர்பார்க்கிறோம். குறைந்தபட்சம் அவர்கள் எழுதித் தரும் குறிப்பையாவது படிக்க வேண்டும்.

என்ன குறிப்பு? ஒடுகத்தூரில் எண்ணுவதற்கு ஏராளம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சந்தை முடிந்த மறுநாள், சனிக்கிழமை காலை, திடலில் எத்தனை கிலோ நெகிழி கிடக்கிறது என்று ஒரு தராசை வைத்து மூன்று மாதம் நிறுத்தால் போதும். சந்தை ஏலம் எடுத்தவரிடமும் பேரூராட்சியிடமும் பேச அது ஆதாரம். உத்திரகாவேரியில் தண்ணீர் வந்த தேதி, நின்ற தேதி, தெருக் கிணற்றின் ஆழம் ஆகியவற்றை ஒரு பள்ளி பத்தாண்டு எழுதி வைத்தால் நீர்வளத் துறையே கேட்டு வாங்கும். மாசி முதல் வைகாசி வரை மலைச்சரிவில் எந்த இரவு எந்த இடத்தில் தீ தெரிந்தது என்பதை மலை ஊர்ப் பிள்ளைகளைவிட யாரும் துல்லியமாகச் சொல்ல முடியாது. கன்று நட வேண்டும் என்றால் ஐப்பசிக்கு முன் நட்டு, அடுத்த ஆடியில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணி, அந்த எண்ணிக்கையைப் பள்ளிச் சுவரில் எழுதலாம். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் எழுத வேண்டும். இறந்த கன்றையும் கணக்கில் காட்டும் துணிச்சல் வந்துவிட்டால் அந்தச் சூழல் மன்றம் பிழைத்துவிடும்.

ஆசிரியர்களுக்கு இது கூடுதல் சுமை என்பது உண்மை. கல்வித் துறையின் எமிஸ் இணையதளப் பதிவேற்றத்துக்கே நேரம் போதாத நிலையில் தராசும் குறிப்பேடுமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயம்தான். அதனால்தான் தூத்துக்குடி மாதிரி இரண்டு வார வேலையில் தொடங்குவது நல்லது. பிள்ளைகளே எண்ணட்டும், பிள்ளைகளே எழுதட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை சந்தைக் குப்பையைப் பற்றியோ ஏரியைப் பற்றியோ சாலையைப் பற்றியோ கணக்கெடுத்து ஒரு மனு எழுதிக்கொண்டு வந்தால், ‘படிக்கிற வேலையைப் பார்’ என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் பேரூராட்சி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அங்கே நகரவில்லை என்றால் வேலூர் ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. மக்கள் குறைதீர்க்கும் நாள் திங்கட்கிழமை. மனுவுக்கு ஒரு எண் கொடுப்பார்கள். அந்த எண்ணைப் பிள்ளையிடமே கொடுத்து வையுங்கள், என்ன ஆயிற்று என்று அடுத்த மாதம் அதுவே போய்க் கேட்கட்டும்.